அறுகோணத்தின் பரப்பளவு 300ஆ, 259.8ஆ? அபோதெம் குறித்து ஓர் ஐயம்

ஒன்பதாம் வகுப்பின் அப்பா:

அனைவருக்கும் வணக்கம். என் மகள் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். நேற்றிரவு எங்கள் இருவருக்கும் இடையே ஒரு கணக்கைப் பற்றி எழுந்த வாக்குவாதம் இன்னும் தீராததால் இங்கே எழுதுகிறேன். கணக்கு இதுதான்: ஓர் ஒழுங்கு அறுகோணத்தின் மையத்திலிருந்து அதன் முனைக்கு உள்ள தூரம் 10 செ.மீ. எனில், அதன் பரப்பளவு என்ன?

அறுகோணத்தில் மட்டும் மையத்திலிருந்து முனைக்குள்ள தூரமும் பக்கத்தின் நீளமும் சமம் என்பதை அவள் அறிவாள். ஆகவே பக்கம் 10, சுற்றளவு 60 என்று சரியாகவே எடுத்துக்கொண்டாள். பிறகு "சுற்றளவில் பாதியை அபோதெமால் பெருக்குக" என்று வழிகாட்டி நூலில் இருந்த சூத்திரத்தில் அபோதெமுக்கு 10ஐ இட்டு, 30 × 10 = 300 சதுர செ.மீ. என்று விடை எழுதிவிட்டாள். நூலின் கடைசிப் பக்கத்திலோ 259.8 என்று இருக்கிறது.

தவறு என்று சொல்லிவிட்டேனே தவிர, ஏன் தவறு என்று அவள் கேட்டபோது என்னால் விளக்க முடியவில்லை. "முனைகள் வழியாகச் செல்லும் வட்டத்தின் பரப்பளவே 314 தானே, அறுகோணம் அதற்குள் அடங்குவது, எனவே 300 என்பது பொருத்தமான விடையாகத்தானே தெரிகிறது" என்று அவள் வாதிடுகிறாள். அந்த வாதத்தில் நியாயம் இருப்பதாகவே எனக்கும் படுகிறது. அபோதெம் என்பதை ஆரம் என்று கொள்ளக்கூடாதா? கூடாதெனில் ஏன்?

வெண்கட்டி:

வணக்கம் ஐயா. யாழ்ப்பாணத்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் கணிதம் கற்பித்து ஓய்வு பெற்றவள் நான். உங்கள் மகள் செய்ததைப் பிழை என்பதைவிட, ஒரே சொல்லுக்குள் இரண்டு தூரங்களை அடக்கிவிட்டாள் என்று சொல்வதே சரியாக இருக்கும். ஒழுங்கான பல்கோணி ஒன்றுக்கு இரண்டு ஆரங்கள் உண்டு. மையத்திலிருந்து முனைக்குச் செல்வது ஒன்று. அது பல்கோணியை வெளியே சூழும் சுற்றுவட்டத்தின் ஆரம். மையத்திலிருந்து பக்கத்தின் நடுப்புள்ளிக்குச் செங்குத்தாக இறங்குவது மற்றொன்று. அது பல்கோணிக்குள்ளே எல்லாப் பக்கங்களையும் தொட்டுக்கொண்டு அமையும் உள்வட்டத்தின் ஆரம். இந்த இரண்டாவதைத்தான் அபோதெம் என்கிறோம். எனவே அபோதெம் ஓர் ஆரம்தான், ஆனால் உங்கள் மகள் எடுத்துக்கொண்ட ஆரம் அன்று. என் வகுப்பில் அதை "மையக் குத்துயரம்" என்றே சொல்லி வந்தேன். குத்துயரம் என்ற சொல் காதில் விழுந்தவுடன் பிள்ளைகள் முக்கோணத்தை நினைத்துக்கொள்வார்கள். நமக்கு வேண்டியதும் அதுவே.

இப்போது அறுகோணத்தின் மையத்திலிருந்து ஆறு முனைகளுக்கும் கோடு வரையச் சொல்லுங்கள். ஆறு முக்கோணங்கள் கிடைக்கும். ஒவ்வொன்றின் அடிப்பக்கமும் 10 செ.மீ. முக்கோணத்தின் பரப்பளவு என்பது அடிப்பக்கத்தையும் குத்துயரத்தையும் பெருக்கி வருவதில் பாதி. இங்கே குத்துயரம் எது? மையத்திலிருந்து அடிப்பக்கத்துக்குச் செங்குத்தாக வரும் கோடுதான். முனைக்குச் செல்லும் கோடு முக்கோணத்தின் சாய்ந்த பக்கம். அது குத்துயரத்தைவிட எப்போதும் நீண்டது. கூரையின் உயரம் எவ்வளவு என்று கேட்டால் கூரைச் சரிவின் நீளத்தையா சொல்வோம்?

குத்துயரத்தைக் காண்பதற்குப் பைதகரசே போதும். சாய்ந்த பக்கம் 10, அடிப்பக்கத்தில் பாதி 5. 100இலிருந்து 25ஐக் கழித்தால் 75. 75இன் வர்க்கமூலம் 8.66. ஆகவே 30 × 8.66 = 259.8.

"சுற்றளவில் பாதி" எங்கிருந்து வருகிறது என்பதையும் அவள் கண்ணால் பார்க்கட்டும். ஒரே அளவில் இரண்டு அறுகோணங்களைத் தாளில் வரைந்து, பன்னிரண்டு முக்கோணங்களாக வெட்டச் சொல்லுங்கள். முதல் அறுகோணத்தின் ஆறு முக்கோணங்களையும் ஒரே கோட்டில் அடிப்பக்கம் கீழே இருக்கும்படி அடுக்கினால் வாள் பற்களைப் போல ஒரு வரிசை கிடைக்கும். அதன் அடிநீளம் 60, அதாவது முழுச் சுற்றளவு. இரண்டாம் அறுகோணத்தின் முக்கோணங்களைத் தலைகீழாக அந்தப் பற்களின் இடைவெளிகளில் செருகினால், 60 செ.மீ. அடியும் 8.66 செ.மீ. உயரமும் கொண்ட இணைகரம் உருவாகும். அதில் பாதிதான் ஓர் அறுகோணம். வாய்பாடாக மனனம் செய்ததை மாணவர் மறக்கலாம். கத்தரிக்கோலால் வெட்டி ஒட்டியதை மறந்த பிள்ளையை நான் கண்டதில்லை.

கரணை:

அம்மா சொல்லும் அதே குழப்பத்தில் நானும் ஒருமுறை சிக்கியிருக்கிறேன். நான் கட்டட வேலை எடுத்துச் செய்பவன். ஒரு தோட்டத்தில் எண்கோண வடிவில் ஓர் இருக்கை மண்டபம் கட்டினோம். ஒவ்வொரு பக்கமும் 5 அடி. நடுவில் ஆணி அடித்து, நூல் கட்டி, எட்டு முனைகளையும் குறித்தபோது நூலின் நீளம் 6 அடி 6½ அங்குலத்துக்குச் சற்றுக் குறைவாக இருந்தது. தரை ஓட்டுக்குக் கணக்குப் போடும்போது கையில் இருந்த அந்த நூலின் அளவையே எடுத்துக்கொண்டேன்: சுற்றளவு 40 அடி, அதில் பாதி 20, அதை 6.53ஆல் பெருக்க ஏறத்தாழ 130½ சதுர அடி. உண்மையில் பக்கத்தின் நடுப்புள்ளிக்கு உள்ள தூரம் 6 அடியும் அரை அங்குலமும்கூட முழுதாக இல்லை, 6.035 அடிதான். பரப்பளவு 120.7 சதுர அடி. பத்து சதுர அடி கூடுதலாகக் கணக்கிட்டிருக்கிறேன்.

வேடிக்கை என்னவென்றால், அந்தப் பிழை அன்று யாருக்கும் தெரியவில்லை. ஓடு வெட்டும்போது சேதாரம் போகும் என்று நூற்றுக்குப் பத்து சேர்த்து வாங்குவது எங்கள் வழக்கம். அந்த வேலையில் அதைச் சேர்க்க மறந்துவிட்டேன். சேதாரத்துக்குச் சேர்க்காமல் விட்டதும், தவறான ஆரத்தால் கூடியதும் ஏறக்குறைய சமன்பட்டு, ஓடு சரியாக முடிந்தது. அடுத்த வேலையில் இரண்டையும் சேர்த்துக் கணக்கிட்டபோதுதான் மிச்சம் விழுந்த ஓடுகள் என்னை விழிக்கச் செய்தன.

அதன்பிறகு எண்கோணத்துக்கு நான் முக்கோணவியல் பக்கமே போவதில்லை. எண்கோணம் என்பது நான்கு மூலைகளும் வெட்டப்பட்ட சதுரம். எதிரெதிர்ப் பக்கங்களுக்கு இடையே உள்ள தூரம்தான் அந்தச் சதுரத்தின் பக்கம். அது அபோதெமைப் போல் இருமடங்கு. எங்கள் மண்டபத்தில் 12.07 அடி, சதுரத்தின் பரப்பளவு 145.7. வெட்டப்படும் ஒவ்வொரு மூலையும் ஒரு செங்கோண முக்கோணம்; அதன் நீண்ட பக்கம் 5 அடி; மற்ற இரண்டு பக்கங்களும் சமம், அவற்றின் வர்க்கங்களைக் கூட்டினால் 25. எனவே ஒரு மூலையின் பரப்பளவு 25இல் நாலில் ஒரு பங்கு, 6¼ சதுர அடி. நான்கு மூலைகளுக்கு 25. 145.7இலிருந்து 25 போக 120.7. அபோதெம் வழியில் வந்த அதே விடை.

கால்குலேட்டர்:

இவ்வளவு சுற்றிவளைப்பது எதற்கு என்று எனக்கு விளங்கவில்லை. பக்கத்தின் வர்க்கத்தைப் பக்கங்களின் எண்ணிக்கையால் பெருக்கி, அதை "180 பாகையைப் பக்க எண்ணிக்கையால் வகுத்துவரும் கோணத்தின் டேன்ஜென்ட்டைப் போல் நான்கு மடங்கால்" வகுத்தால் விடை வந்துவிடுகிறது. ஒரே சூத்திரம், எந்த ஒழுங்குப் பலகோணத்துக்கும் பொருந்தும். அபோதெம் என்ற சொல்லே தேவையில்லை.

வெண்கட்டி:

தம்பி, நீங்கள் சொல்வது சரியான சூத்திரம்தான். ஆனால் அந்த டேன்ஜென்ட் எதற்காக அங்கே வந்து நிற்கிறது? பக்கத்தில் பாதியை அபோதெமால் வகுத்தால் வருவதுதான் அது. சொல்லைத் தவிர்த்துவிட்டீர்கள், கோட்டைத் தவிர்க்கவில்லை.

லேத்துப் பட்டறை:

அபோதெம் என்ற சொல்லைக் கேள்விப்படாமலே அதை நாள் முழுவதும் அளந்துகொண்டிருப்பவர்கள் நாங்கள். எட்டு மி.மீ. போல்ட்டுக்கான அறுகோண நட்டுக்கு 13ஆம் எண் ஸ்பேனர் வேண்டும் என்று எந்த மெக்கானிக்கும் சொல்வார். அந்த 13 எங்கிருந்து வந்தது? நட்டின் எதிரெதிரான இரண்டு தட்டைப் பக்கங்களுக்கு இடையே உள்ள தூரம் 13 மி.மீ. அதாவது அபோதெம் 6.5 மி.மீ.; ஸ்பேனரில் பொறித்திருப்பது அதன் இருமடங்கு. ஆறு மி.மீ. போல்ட்டுக்கு 10ஆம் எண், எல்லாவற்றுக்கும் இதே முறைதான்.

வெர்னியர் காலிப்பரின் தாடைகளுக்கு நடுவே ஒரு 13ஆம் எண் நட்டை வைத்து மெதுவாகத் திருப்பிப் பாருங்கள். தட்டையான பக்கங்களில் தாடை படியும்போது 13 காட்டும். முனைக்கு முனை நிற்கும்போது தாடை விலகும். வடிவியலின்படி 13ஐ 0.866ஆல் வகுத்து 15 மி.மீ. வர வேண்டும். ஆனால் கையில் உள்ள நட்டில் சற்றுக் குறைவாகவே வரும். கூர்முனைகளைச் சீவி விடுகிறார்கள். ஸ்பேனர் எண்ணுக்கு முனைகளின் தூரத்தை எடுக்காததற்கு அதுவும் ஒரு காரணம் என்பது என் கருத்து. முனை தேயும், மழுங்கும், பக்கம்தான் பிடிமானம்.

குழிமாகாணி:

இந்த உரையாடலில் பழைய தமிழ்க் கணக்கு ஒன்றை நினைவூட்ட விரும்புகிறேன். காரிநாயனாரின் கணக்கதிகாரத்தில் வட்டத்தின் பரப்புக்கு ஒரு விதி உண்டு. வட்டத்தில் அரைப்பங்கைக் கொண்டு விட்டத்தில் அரைப்பங்கைப் பெருக்கினால் குழி கிடைக்கும் என்பது அதன் கருத்து. அங்கே வட்டம் என்பது சுற்றளவு. குழி என்பது பரப்பளவு. பை (π) என்ற எண்ணின் மதிப்பே அந்த விதிக்குள் வரவில்லை என்பதைக் கவனியுங்கள். ஆரியபடரும் 499ஆம் ஆண்டில் எழுதிய நூலில் இதையே, சுற்றளவின் பாதியும் விட்டத்தின் பாதியும் பெருகி வருவது வட்டத்தின் பரப்பு என்று கூறுகிறார்.

இப்போது வெண்கட்டி அம்மா சொன்ன விதியை இதன் அருகில் வைத்துப் பாருங்கள்: சுற்றளவில் பாதி, பெருக்கல், அபோதெம். இரண்டும் ஒரே வாக்கியம். பலகோணத்தில் அபோதெம் நிற்கும் இடத்தில் வட்டத்தில் ஆரம் நிற்கிறது. பக்கங்களின் எண்ணிக்கையைக் கூட்டிக்கொண்டே போனால் முனைக்குள்ள தூரமும் பக்கத்துக்குள்ள தூரமும் ஒன்றையொன்று நெருங்கி, வட்டத்தில் இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன. வட்டத்துக்கு ஆரம் ஒன்றே என்று பழகிய மனம் பலகோணத்துக்கு வரும்போது தடுமாறுவது அதனால்தான். உங்கள் மகளின் குழப்பம் அங்கேதான் தொடங்கியிருக்க வேண்டும்.

கரணை நண்பரின் எண்கோணத்தை இன்னொரு பழைய கணக்காலும் சரிபார்க்கலாம். 1150ஆம் ஆண்டில் இரண்டாம் பாஸ்கரர் எழுதிய லீலாவதியில், விட்டம் 120000 என்று கொண்டால் வட்டத்துக்குள் அமையும் ஒழுங்குப் பலகோணங்களின் பக்கங்கள் என்னென்ன என்று ஓர் எண்வரிசை கொடுக்கப்பட்டுள்ளது: முக்கோணத்துக்கு 103923, சதுரத்துக்கு 84853, ஐங்கோணத்துக்கு 70534, அறுகோணத்துக்கு 60000, எழுகோணத்துக்கு 52055, எண்கோணத்துக்கு 45922, நவகோணத்துக்கு 41031. எண்கோணத்தின் பக்கம் 5 அடி எனில் விட்டம் 5 × 120000 ÷ 45922, அதாவது 13.066 அடி, அதில் பாதி 6.533. அவர் நூலால் அளந்ததும் அதுவே. இந்த வரிசையில் எழுகோணத்துக்கும் நவகோணத்துக்கும் உள்ள எண்கள் மட்டும் துல்லியமான மதிப்பைவிட 11 அலகு குறைவு. ஏனைய ஐந்தும் இன்றைய கணிப்பானோடு ஒத்துப்போகின்றன.

நான்காம் பருவம்:

நான் கல்லூரியில் கணிதம் படிக்கும் மாணவி. மேலே எல்லோரும் ஒழுங்குப் பலகோணம் என்றே பேசுவதால் ஒன்றைச் சேர்க்கிறேன். இந்தச் சூத்திரம் பலிக்கப் பக்கங்களும் கோணங்களும் சமமாக இருக்க வேண்டிய தேவை இல்லை. எல்லாப் பக்கங்களையும் தொடும் ஒரு வட்டம் உள்ளே அமைந்தால் போதும். ஏனென்றால் அந்த வட்டத்தின் மையத்திலிருந்து ஒவ்வொரு பக்கத்துக்கும் உள்ள செங்குத்துத் தூரம் ஒன்றே. எனவே எல்லா முக்கோணங்களுக்கும் குத்துயரம் ஒன்றே. பக்கங்கள் 3, 4, 5 கொண்ட செங்கோண முக்கோணத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சுற்றளவு 12, அதில் பாதி 6, உள்வட்டத்தின் ஆரம் சரியாக 1. பரப்பளவு 6 × 1 = 6. நேரடியாக 3 × 4இல் பாதி என்று பார்த்தாலும் 6தான். சாய்சதுரத்துக்கும் இது பொருந்தும். சதுரமல்லாத செவ்வகத்துக்குப் பொருந்தாது; நான்கு பக்கங்களையும் தொடும் வட்டம் அதற்குள் அமையாது.

இன்னொன்றும் எனக்கு மிகவும் பிடித்தது. வட்டத்தின் பரப்பளவை ஆரத்தைப் பொறுத்து வகைக்கெழுக் கண்டால் சுற்றளவு கிடைக்கும் என்பது பன்னிரண்டாம் வகுப்பில் எல்லோரும் வியந்த ஒன்று. சதுரத்துக்கு அது ஏன் நடப்பதில்லை என்று அப்போது ஆசிரியரிடம் கேட்டேன்: பக்கத்தின் வர்க்கத்தை வகையிட்டால் பக்கத்தின் இருமடங்குதான் வருகிறது, சுற்றளவோ நான்கு மடங்கு. விடை பிற்பாடுதான் விளங்கியது. சதுரத்தைப் பக்கத்தால் அளக்காமல் அபோதெமால் அளந்தால், பரப்பளவு அபோதெமின் வர்க்கத்தைப் போல் நான்கு மடங்கு, வகையிட்டால் அபோதெமின் எட்டு மடங்கு, அதுதான் சுற்றளவு. எல்லா ஒழுங்குப் பலகோணங்களுக்கும் இப்படியே நடக்கும்.

காரணத்தைப் படமாகவும் காணலாம். அபோதெமை ஒரு மி.மீ. கூட்டினால், ஒவ்வொரு பக்கமும் முழுதாக ஒரு மி.மீ. வெளியே நகர்கிறது. சுற்றிலும் ஒரு மி.மீ. அகலத்துக்குச் சுவரில் பூச்சுப் பூசியதுபோல் பரப்பு கூடுகிறது. முனைக்குள்ள தூரத்தை ஒரு மி.மீ. கூட்டினாலோ பக்கங்கள் அவ்வளவு நகர்வதில்லை, அறுகோணத்தில் 0.866 மி.மீ. மட்டுமே நகரும். பக்கத்தோடு நேரடி உறவு கொண்ட அளவு அபோதெம்தான், முனைக்குள்ள தூரம் அன்று.

ஒன்பதாம் வகுப்பின் அப்பா:

எல்லோருக்கும் நன்றி. வெண்கட்டி அம்மா சொன்னபடி இரண்டு அறுகோணங்களை வெட்டினோம். கத்தரிக்கோல் சற்று விலகியதால் இணைகரத்தின் நடுவில் ஒரு மெல்லிய பிளவு விழுந்தது. ஆனாலும் பாதி என்பது எங்கிருந்து வருகிறது என்று அவளுக்கு மட்டுமல்ல, எனக்கும் முதன்முறையாகப் புரிந்தது.

அவள் உடனே அடுத்த கேள்வியைக் கேட்டாள். சுற்றளவு மாறாமல் இருந்தால் பரப்பளவை முடிவு செய்வது அபோதெம் மட்டும்தானே என்றாள். சரிபார்ப்பதற்காக 24 மீட்டர் கயிறு இருப்பதாக வைத்துக்கொண்டு கணக்கிட்டோம். பாதி 12 என்பது எல்லா வடிவத்துக்கும் பொது. முக்கோணமாக வளைத்தால் அபோதெம் 2.31 மீட்டர், பரப்பளவு 27.7 சதுர மீட்டர். சதுரமானால் அபோதெம் 3, பரப்பளவு 36. அறுகோணத்துக்கு 3.46, அதாவது 41.6, எண்கோணத்துக்கு 3.62, 43.5, பன்னிரு பக்கங்களுக்கு 3.73, 44.8. வட்டமாகவே விட்டுவிட்டால் ஆரம் 3.82, பரப்பளவு 45.8. முக்கோணத்திலிருந்து சதுரத்துக்கு வரும்போது எட்டுக்கு மேல் கூடுகிறது. அறுகோணத்திலிருந்து வட்டம்வரை போனாலும் நான்கைச் சற்றே தாண்டுகிறது. தேனீ அறுகோணத்தோடு நின்றுவிட்டதற்கு இதுதான் காரணமா என்று கேட்கிறாள்.

நான்காம் பருவம்:

பாதிக் காரணம் அது. மற்றப் பாதி, இடைவெளி விடாமல் ஒரே வடிவத்தால் தளத்தை நிரப்ப வேண்டும் என்ற நிபந்தனை. ஒழுங்குப் பலகோணங்களில் முக்கோணம், சதுரம், அறுகோணம் மூன்றால் மட்டுமே அது முடியும். அம்மூன்றில் ஒரே சுற்றளவுக்குப் பெரிய அபோதெம் அறுகோணத்துக்கு. வேறு எந்த வடிவங்களைக் கலந்து தளத்தைச் சம பரப்புகளாகப் பிரித்தாலும் அறுகோணத்தைவிடக் குறைந்த எல்லை நீளத்தில் முடியாது என்பதைக் கணிதவியலாளர் தாமஸ் ஹேல்ஸ் 1999இல் நிறுவினார். இரண்டாயிரம் ஆண்டுகளாக எல்லோரும் உண்மை என்று நம்பிக்கொண்டிருந்த ஒன்றுக்கு அப்போதுதான் நிறுவல் கிடைத்தது.

கரை கடந்தவன்:

ஒற்றைப்படைப் பக்கங்களைப் பற்றி யாரும் பேசவில்லையே. கரணை நண்பரின் எண்கோணத்திலும் பட்டறை நண்பரின் நட்டிலும் எதிரெதிர்ப் பக்கங்கள் உள்ளன. இடையே உள்ள தூரத்தில் பாதி எடுத்தால் அபோதெம் வந்துவிடும். ஐங்கோணத்தில் பக்கத்துக்கு எதிரே முனைதான் நிற்கும். அங்கே குறுக்களவு என்பது அபோதெமும் முனைக்குள்ள தூரமும் சேர்ந்தது; பாதியாக்கினால் இரண்டும் கெட்டுவிடும்.

அமெரிக்காவில் வசிப்பதால் எனக்கு நினைவுக்கு வரும் எடுத்துக்காட்டு, வாஷிங்டனுக்கு அருகே ஆர்லிங்டனில் உள்ள பென்டகன். 1941இல் தொடங்கி 1943இல் முடிக்கப்பட்ட அந்த ஐங்கோணக் கட்டடத்தின் வெளிச்சுவர் ஒவ்வொன்றும் 921 அடி நீளம். ஐங்கோணத்தின் அபோதெம் பக்கத்தில் 0.688 பங்கு, ஆக 634 அடி. சுற்றளவில் பாதி 2302½ அடி. பெருக்கினால் ஏறத்தாழ 14,60,000 சதுர அடி. ஓர் ஏக்கருக்கு 43,560 சதுர அடி என்று வகுத்தால் 33½ ஏக்கர். கட்டடம் நிற்கும் நிலம் 29 ஏக்கர், நடுமுற்றம் 5 ஏக்கர் என்பது வெளியிடப்பட்டுள்ள கணக்கு, கூட்டினால் 34. முழு எண்ணாக்கியதில் விடுபட்டதைக் கருதினால் இது நல்ல பொருத்தம். இதையே முனைக்குள்ள தூரமான 783 அடியை வைத்துச் செய்தால் 41 ஏக்கருக்கு மேல் வரும். ஏழரை ஏக்கருக்கு மேல் கற்பனை நிலம்.

குழிமாகாணி:

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் அந்தப் பெண்ணுக்கு அநியாயம் செய்தவர்களாவோம். அவள் கண்ட 300 வெறும் தவறான எண் அன்று. அதே வட்டத்துக்குள் அமையும் பன்னிரு பக்கப் பலகோணத்தின் பரப்பளவு சரியாக 300.

நிறுவல் எளிது. அறுகோணத்தின் ஒரு பக்கத்தை எடுத்துக்கொண்டு, அதன் இரு முனைகளையும் மையத்தோடு இணையுங்கள். அந்தப் பக்கத்துக்கு மேலே வட்டத்தின் வில் வளைந்து செல்கிறது அல்லவா, அந்த வில்லின் நடுப்புள்ளியைக் குறித்து, அதையும் இரு முனைகளோடு இணையுங்கள். காற்றாடி வடிவில் ஒரு நாற்கரம் கிடைக்கும். அதன் மூலைவிட்டங்கள் இரண்டும் ஒன்றையொன்று செங்குத்தாக வெட்டுகின்றன: ஒன்று அறுகோணத்தின் பக்கம், மற்றொன்று வட்டத்தின் ஆரம். அத்தகைய நாற்கரத்தின் பரப்பளவு மூலைவிட்டங்களின் பெருக்கத்தில் பாதி. இங்கே 10 × 10இல் பாதி, 50. இதுபோல் ஆறு காற்றாடிகள் சேர்ந்தால் பன்னிரு பக்கப் பலகோணம், பரப்பளவு 300. அறுகோணத்தின் சுற்றளவில் பாதியை முனைக்குள்ள தூரத்தால் பெருக்கினால் பக்கங்களை இருமடங்காக்கிய பலகோணத்தின் பரப்பளவு வருகிறது. இது எல்லா ஒழுங்குப் பலகோணங்களுக்கும் உண்மை. கரணை நண்பர் தவறாகக் கண்ட 130½ சதுர அடி, அதே நூலளவில் பதினாறு பக்க மண்டபம் கட்டியிருந்தால் சரியான விடை!

இதையே கருவியாக்கி வட்டத்தை அளந்தவர் சீனக் கணிதவியலாளர் லியூ ஹுய். 263ஆம் ஆண்டில் எழுதிய உரையில் அவர் எடுத்துக்கொண்ட ஆரமும் 10தான். அக்காலச் சீன அலகில் 10 சுன். அறுகோணத்தில் தொடங்கி, 12, 24, 48, 96 என்று பக்கங்களை இரட்டித்துக்கொண்டே போய், 96 பக்கப் பலகோணத்தின் பக்கத்தைக் கொண்டு 192 பக்கப் பலகோணத்தின் பரப்பளவைக் கண்டார்: 314 முழுவதும், 625இல் 64 பங்கும். அந்தப் படிவரிசையின் முதல் படி, ஆரம் 10 கொண்ட அறுகோணத்திலிருந்து 300ஐப் பெறுவது. அவருக்கு ஏறக்குறைய ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்பு ஆர்க்கிமிடீசும் 96 பக்கங்கள்வரை சென்றார். ஆனால் அவர் வட்டத்துக்கு உள்ளும் புறமும் பலகோணம் வரைந்து சுற்றளவுகளை ஒப்பிட்டார். லியூ ஹுய் செய்தது பரப்பளவுக் கணக்கு. உங்கள் மகளின் கணக்குக்கு அதுவே நெருக்கம்.

லேத்துப் பட்டறை:

இருபது ரூபாய் நாணயம் பன்னிரண்டு பக்கம் கொண்டதுதானே! விட்டம் 27 மி.மீ. என்று அறிவித்தார்கள். பாப்பாவிடம் ஒன்றைக் கொடுத்துப் பாருங்கள் ஐயா.

ஒன்பதாம் வகுப்பின் அப்பா:

கொடுத்தேன். நாணயத்தைத் தாளின் மேல் வைத்து, கூராகச் சீவிய பென்சிலால் சுற்றி வரைந்தாள். பிறகு ஒன்றுவிட்டு ஒரு முனையாக இணைத்தாள். உள்ளே ஓர் அறுகோணம் விழுந்தது. முனைக்கு முனை 27 மி.மீ. என்று எடுத்துக்கொண்டால் ஆரம் 13.5; அறுகோணத்தின் பக்கமும் 13.5, சுற்றளவில் பாதி 40.5. அதை 13.5ஆல் பெருக்கி 546.75 சதுர மி.மீ. என்று எழுதி, "இது நாணயத்துக்கு" என்று அருகில் குறித்தாள். அடுத்து அதே 40.5ஐ 11.69ஆல் பெருக்கி 473.5 என்று எழுதி, "இது உள்ளே இருக்கும் அறுகோணத்துக்கு" என்று குறித்தாள். அந்த 11.69ஐ என்னிடம் கேட்காமலே, 13.5இன் வர்க்கத்திலிருந்து 6.75இன் வர்க்கத்தைக் கழித்து, அவளே கண்டுபிடித்தாள்.

வீட்டுப்பாட நோட்டில் 300ஐ அடித்துவிட்டு 259.8 என்று திருத்தியிருக்கிறாள். ஆனால் 300ஐ முழுதாக மறைக்கவில்லை. அதன் மேல் மெல்லிய ஒற்றைக் கோடுதான் போட்டிருக்கிறாள்; பக்கத்தில் சின்னதாக "12" என்று எழுதியிருக்கிறாள். ஆசிரியை கேட்டால் என்ன சொல்வாய் என்றேன். வெட்டி ஒட்டிய தாளை எடுத்துப் போகிறேன் என்றாள்.